ஒரு பை விதையோடு மலையேறுதல்: வடசென்னைவாசிகளுக்கான பசுந்தாள் உர வழிகாட்டி

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு டிராக்டர் தொழுவுரத்தை அத்தனை வளைவுகளையும் கடந்து மேலே கொண்டுவர நான் விசாரித்தபோது, எருவின் விலையைவிட வண்டி வாடகை அதிகமாக இருந்தது. அதே 50 சென்ட் நிலத்துக்கு வேண்டிய சணப்பு விதை ஏழரை கிலோவுக்கு மேல் போகாது. மாலையில் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் புறப்படும் ரயிலில், இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பையில் அதை வைத்துக்கொண்டு போய்விடலாம். அந்த விதை நிலத்திலேயே முளைத்து, டன் கணக்கில் தழையாகி, அங்கேயே மக்கிவிடும். மலை நிலத்தில் பசுந்தாள் உரத்துக்கு இருக்கும் முதல் நியாயம் இதுதான்.

பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், தண்டையார்பேட்டை பகுதிகளில் வேலை பார்த்துக்கொண்டே, ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ ஏற்காட்டுப் பக்கத்திலோ அப்பா வழியில் வந்த நிலத்தையோ தவணையில் வாங்கிய நிலத்தையோ வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் போய்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கேயே குடியிருந்து பயிர் செய்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது. நமக்கோ விதையைக் காட்டிலும் விடுமுறைதான் அரிய பொருள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதிலும் நாள் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

முதலில் நிலத்தின் அளவு. சென்னையில் நாம் கிரவுண்டில் பேசுகிறோம். மலையில் சென்ட்டிலும் ஏக்கரிலும் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை சென்ட். விதை அளவு ஏக்கருக்குத்தான் சொல்லப்படுகிறது என்பதால், அதை 100-ஆல் வகுத்து ஒரு சென்ட்டுக்கு எத்தனை கிராம் என்று எழுதி வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

மண்ணைப் பார்ப்பது

சரிவு நிலத்தில் வளமெல்லாம் மேலே உள்ள அரை அடி மண்ணில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெருமழையும் அதிலிருந்து கொஞ்சம் அரித்துக் கீழே கொண்டுபோகிறது. ஆகவே மேல் சரிவு, நடுச் சரிவு, அடிவாரம் மூன்றும் ஒரே நிலமாக இருந்தாலும் மண் ஒன்றல்ல. மூன்று இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்தால், எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் அறிக்கையில் வரும். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் குழி வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுத்து, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சும் அரை கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பதே நல்லது, ஏனெனில் பரிந்துரையும் அந்தப் பகுதிக்கு ஏற்றதாகக் கிடைக்கும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை. அது 5.5-க்குக் கீழே இருந்தால் பயறுவகைச் செடியின் வேரில் தங்கி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் (நைட்ரஜனை) பிடித்துத் தரும் வேர்முடிச்சு பாக்டீரியா சரியாக வேலை செய்யாது. சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்த பிறகே பசுந்தாள் விதைக்குச் செலவழிக்க வேண்டும். நீலகிரி போன்ற உயரமான, மழை மிகுந்த மலைகளில் இந்த அமிலத்தன்மை பெரிய சிக்கல்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே புரிந்துகொள்வது நல்லது. பயறுவகைப் பசுந்தாள் பயிர் காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருவது தழைச்சத்தை மட்டும்தான். மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) அது உண்டாக்குவதில்லை. ஆழத்தில் கிடப்பதை வேரால் இழுத்து மேலே வைக்கிறது, அவ்வளவே. மண்ணில் மணிச்சத்து குறைவு என்று அறிக்கை சொன்னால், ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூளைப் பசுந்தாள் விதைப்போடு சேர்த்து இடுவது சிக்கனமான வழி. அமிலப் பாங்கான மண்ணில் அது நன்றாகக் கரைந்து, பசுந்தாள் வழியாக அடுத்த பயிருக்குப் போய்ச் சேரும்.

எந்த விதை

கடைக்குப் போனால் பெரும்பாலும் தக்கைப்பூண்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். திருவள்ளூர், பொன்னேரிப் பக்கத்து நெல் வயலுக்கு அது அருமையான பயிர். நீர் தேங்கினாலும் உப்பு மண்ணானாலும் தாங்கும்; பாசனம் இருந்தால் ஏக்கருக்கு 10 டன் வரை பசுந்தழை தரும். ஆனால் அது ஈரத்தை விரும்பும் பயிர். மலையில் அடிவாரத்துப் பள்ளத்துக்கும், தண்ணீர் நிற்கும் நெல் வயல்களுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஏக்கருக்கு 20 கிலோ.

மானாவாரிச் சரிவுக்கு என் முதல் தேர்வு சணப்பு. விரைவாக வளர்ந்து களையை அமுக்கிவிடும். நீர் தேங்குவதைத்தான் பொறுக்காது, சரிவிலோ நீர் தேங்க வாய்ப்பில்லை. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ போதும். மண் ஆழமில்லாத, கல் மிகுந்த மேல் சரிவுக்குக் கொளுஞ்சி பொருத்தமானது. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் வறட்சியைத் தாங்கும். ஆடுமாடு அதை மேய்வதில்லை என்பது வேலியில்லாத நிலத்துக்குப் பெரிய வரம். ஒருமுறை காலூன்றிவிட்டால் விழுந்த விதையிலிருந்து தானே முளைத்துக்கொள்ளும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. கொளுஞ்சி விதையின் தோல் கெட்டியானது. பெருமணலோடு கலந்து உரலில் இலேசாக இடித்து, தோலில் கீறல் விழச் செய்தால்தான் ஒரே சீராக முளைக்கும். கொள்ளும் தட்டைப்பயறும் எங்கும் கிடைப்பவை, மண்ணை நன்றாக மூடுபவை; ஆனால் கட்டில்லாத ஆடு இருக்கும் ஊரில் அவை உங்களுக்கு மிஞ்சாது. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த உயரங்களில் இந்தச் சமவெளிப் பயிர்கள் சோர்ந்துவிடும். நீலகிரி உருளைக்கிழங்கு நிலங்களுக்கு லூபின் என்ற குளிர்ப் பிரதேசப் பயறுவகையையே பரிந்துரைக்கிறார்கள்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய பலதானிய விதைப்பையும் பலர் கேட்கிறார்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் ஆகிய ஐந்து வகையிலும் நான்கு நான்கு விதைகளைக் கலந்து, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மண்ணுக்குள் மடக்கி உழுது விடுவது அந்த முறை. பல ஆண்டு தரிசாகக் கிடந்த நிலத்துக்கு நல்ல தொடக்கம். ஆனால் நம்மவர்கள் கொத்தவால்சாவடி மளிகைக் கடையில் ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பொட்டலத்தில் விற்கும் தினையும் சாமையும் உமி நீக்கிய அரிசி. அது பொங்கலுக்கு ஆகும், முளைக்காது. உடைத்த பருப்பும் முளைக்காது. முழு உளுந்து, முழுப் பாசிப்பயறு, கடுகு, வெந்தயம், எள் ஆகியவை முளைக்கலாம் என்றாலும், கீழே சொல்லும் சோதனையைச் செய்யாமல் நம்ப வேண்டாம்.

விதையை எங்கே வாங்குவது என்றால், நிலம் இருக்கும் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேளுங்கள். 2024-25-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம்' பசுந்தாள் விதை வழங்குவதையும் உள்ளடக்கியது. பட்டா நகலும் ஆதாரும் கையில் இருக்கட்டும். வடசென்னையிலிருந்து எளிதில் போய் ஆலோசனை கேட்கக்கூடிய இடம், திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம்.

மாடியில் ஒத்திகை

மலைக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டு மாடியில் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது முளைப்புச் சோதனை. 100 விதையை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, பாய்போல் சுருட்டி, குளியலறை ஓரத்தில் சாய்த்து வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தால், ஐந்தாறு நாளில் எத்தனை முளைத்தன என்று எண்ணிவிடலாம். 80-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 60 என்றால் விதை அளவைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் ஆண்டு நான் இதைச் செய்யாமல் ஒரு கடையில் வாங்கியதை அப்படியே கொண்டுபோய் விதைத்தேன். முளைத்தது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த விதையைப் பிறகு எண்ணி வைத்துப் பார்த்தபோது 31 மட்டுமே முளைத்தன. அந்த ஆண்டின் கோடை மழை அத்தோடு போயிற்று.

இரண்டாவது வேலை, இரண்டு பழைய சிமெண்டு சாக்குகளில் மண் நிரப்பி, ஒன்றில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியா கலந்த சணப்பு விதையையும் மற்றொன்றில் கலக்காத விதையையும் ஊன்றுவது. தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பையில் இந்தச் சோதனை செல்லாது, மண்ணே வேண்டும். 35-ஆம் நாள் செடியைப் பிடித்து இழுக்காமல், சாக்கைக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் வேரை அமிழ்த்தி மண்ணைக் கரையவிடுங்கள். கலந்த செடியின் வேரில் கடுகளவும் மிளகளவும் முண்டுமுண்டாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் நெருடினால் தனியே கழன்று வரும். பிளேடால் பாதியாகக் கீறினால், சிவப்புக் கொய்யாவின் சதையைப்போல உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம்தான் முடிச்சு தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு. நெருடியும் கழலாமல் வேரே வீங்கியதுபோல் இருந்தால் அது முடிச்சே அல்ல, நூற்புழுத் தாக்குதல். மலையில் நின்றுகொண்டு இதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. வீட்டு மாடியில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

ரைசோபியம் 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதில் இருப்பது உயிர் என்பதால், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். ஆகையால் இதை வீட்டில் செய்து எடுத்துப்போகாமல், நிலத்துக்குப் போய்ச் செய்யுங்கள்.

சரிவில் கோடு போடுவது

புதியவர்கள் தவிர்க்க நினைப்பதும், தவிர்த்தால் மற்ற எல்லாம் வீணாவதும் இந்த வேலைதான். மேலிருந்து கீழாக உழுத சாலில் விதைத்தால், முதல் மழையிலேயே ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, விதையையும் மேல்மண்ணையும் சேர்த்து அடிவாரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் செல்லும் சம உயரக் கோட்டில் உழவும் விதைப்பும் நடக்க வேண்டும். கண்ணால் பார்த்து அந்தக் கோட்டைப் போட முடியாது. மலையில் கண் ஏமாற்றும்.

அதற்கு ஆறரை அடி நீளமுள்ள இரண்டு மூங்கிலும், குறுக்கே கட்ட ஒரு கழியும், தேவையான கயிறும், ஒரு கல்லும் போதும். இரண்டு மூங்கிலையும் உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி அகலம் விரித்து, இடுப்பு உயரத்தில் குறுக்குக் கழியைக் கட்டினால் ஆங்கில 'ஏ' எழுத்தைப்போல் ஒரு சட்டம் கிடைக்கும். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு குறுக்குக் கழியை உரசித் தொங்க வேண்டும். சட்டத்தை நிறுத்தி, இரண்டு கால் நின்ற இடத்திலும் முளை அடித்து, கயிறு படும் இடத்தைக் குறுக்குக் கழியில் கரியால் குறியுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடக்கால் நின்ற முளையில் வலக்காலையும் மற்றதில் இடக்காலையும் வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவே ஒரு கோடு கீறிவிட்டால் கருவி தயார். கயிறு அந்தக் கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். நிலத்தின் ஓரத்திலிருந்து ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டுக்கு வந்ததும் அங்கே ஒரு முளை அடித்து, காலை மாற்றி மாற்றி நடந்து போனால், நிலத்தின் மறு ஓரம்வரை ஒரு சம உயரக் கோடு கிடைத்துவிடும். சரிவில் உங்கள் இடுப்பளவு இறக்கம் வரும் இடங்களில் அடுத்தடுத்த கோடுகளைப் போடுங்கள். இருவர் சேர்ந்தால் 50 சென்ட்டை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

அந்தக் கோடுகளில் நிலத்தில் கிடக்கும் கற்களை அடுக்கிக் கல் வரப்பாக்குவதோ, வெட்டிவேர் நடுவதோ, கிளைரிசிடியா என்ற தழை மரத்தின் போத்துகளை (நடவுக் குச்சிகளை) ஊன்றுவதோ உங்கள் வசதி. கிளைரிசிடியா நட்டால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தழை வெட்டி நிலத்தில் போடலாம். கோடுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் குறுக்காக ஒரு மேலுழவு ஓட்டி, விதையைத் தூவி, முள் கிளையை இழுத்து மூடிவிட்டால் விதைப்பு முடிந்தது.

நாள் கணக்கு

சணப்பையும் தக்கைப்பூண்டையும் 45 முதல் 60 நாளுக்குள், முதல் பூக்கள் தலைகாட்டும்போது மடக்க வேண்டும். கொளுஞ்சிக்கு 60 நாள். அதற்கு முன் வெட்டினால் தழை போதாது. அதைத் தாண்டிவிட்டால் சத்து காய்க்குப் போய்விடும், தண்டும் நாராகிவிடும்.

எனவே நமக்கு விடுப்பு கிடைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு விதைக்க வேண்டும். நான் கைக்கொள்ளும் கணக்கைச் சொல்கிறேன். மே 1 எல்லோருக்கும் விடுமுறை. கோடை மழையும் ஒன்றிரண்டு பெய்திருக்கும். அன்று விதைத்தால் 45-ஆம் நாள் ஜூன் 15, 60-ஆம் நாள் ஜூன் 30. இடையில் இரண்டு ஞாயிறுகளாவது வந்துவிடும். மழை குறுக்கிட்டால் இரண்டாவது ஞாயிறு கைகொடுக்கும். ஜூன் 20 வாக்கில் மடக்கினால் ஆடி பிறக்க நான்கு வாரம் இருக்கிறது. தழை மக்குவதற்கு அது போதும். மே மாதம் மழை பெய்யாவிட்டால் வீம்புக்கு விதைக்காதீர்கள். அந்த ஆண்டு ஆடியில் சாமையோடு தட்டைப்பயறைக் கலந்து விதைத்து ஈடுகட்டலாம்.

ஒரு முறை ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளி திறப்பு, வீட்டு வேலை என்று தள்ளிப்போட்டு 80-ஆம் நாள் போய்ச் சேர்ந்தேன். சணப்பு என் தலைக்கு மேல் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்த பவர் டில்லர் பத்தடி ஓடியதும் நின்றுவிட்டது. கத்திகளில் நார் சுற்றிச் சுற்றி, கயிற்றுக் கண்டைப்போல் இறுகிக் கிடந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எருவுக்கு விட்டதா, கயிறு திரிக்க விட்டதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நைலான் வருவதற்கு முன் கயிறும் மீன்வலையும் முறுக்கப் பயன்பட்ட நார்களில் சணப்பும் ஒன்று. காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அது வயலில்தான் உறைத்தது. அன்று முழுவதும் அரிவாளால் நாரை அறுத்து எடுத்தோம்.

மடக்குவதா, வெட்டிப் பரப்புவதா

சமவெளியில் பசுந்தாளை மண்ணுக்குள் உழுதுவிடுவதே முறை, அதில் சத்து விரைவாகக் கிடைக்கும். மலையில் அதை அப்படியே பின்பற்றுவதை நான் ஏற்கவில்லை. இலேசான சரிவிலும் படிக்கட்டு நிலத்திலும் மடக்கி உழுங்கள், ஆனால் சம உயரக் கோட்டிலேயே, ஆழமில்லாமல். செங்குத்தான இடத்தில், ஜூன் இறுதியில், தென்மேற்குப் பருவ மழை வலுப்பதற்கு முன்னால் மண்ணைக் கிளறித் திறந்து வைப்பது மண்ணை வழியனுப்பி வைப்பதற்குச் சமம். அங்கே செடியைத் தரையோடு அரிவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே படுக்க வைத்து மூடாக்காகப் பரப்புங்கள். மேலே கிடக்கும் தழையிலிருந்து தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும், மக்கவும் காலம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழைத்துளி மண்ணில் நேராக அறையாது, உள்ளே மக்கும் வேர்களின் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். பலா, மா, கொய்யா மரங்களுக்கு இடையில் விதைத்திருந்தால், அறுத்த தழையை அடிமரத்தை ஒட்டாமல் ஓரடி தள்ளிச் சுற்றிலும் போட்டுவிடலாம்.

மடக்கி உழுத நிலத்தில் உடனே விதைக்கக் கூடாது. தழை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். இளம் நாற்று வெளிறி நிற்கும். இரண்டு முதல் மூன்று வாரம் பொறுத்து, ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். தண்டு கையில் நசுங்கி, புளித்த வாடை போய் மண்வாசனை வந்திருந்தால் விதைக்கலாம். முறித்தால் இன்னும் படக்கென்று ஒடிகிறதென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளைச்சலில் முதல் ஆண்டே பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மானாவாரிச் சரிவில், பாசன வயலில் வரும் தழையில் பாதி கிடைத்தாலே நல்லது. மூன்று ஆண்டு தொடர்ந்து செய்த பிறகு என் நிலத்தில் நான் முதலில் கண்ட வேறுபாடு, மழை நின்றதும் ஓரத்து ஓடையில் வரும் தண்ணீரின் செம்மண் நிறம் குறைந்ததுதான்.

அறுக்கும் நாளில் கல் வரப்பை ஒட்டிய ஓர் அடி அகலச் செடிகளை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுங்கள். கம்பளிப்புழு காய்களைத் துளைக்கிறதா என்று போகும்போதெல்லாம் ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும். ஐப்பசி மழைக்கு முன் காய்கள் முற்றி, காற்றடித்தால் உள்ளே விதை கிலுகிலுக்கும். செடியை அறுத்துத் தார்ப்பாயில் தட்டி, புடைத்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் அடைத்து வீட்டுப் பரணில் வையுங்கள். டப்பாவின் மேல் அறுத்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். மார்ச் மாதம் இறக்கி, 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.